தலைகீழாகக் கிடந்த ஆறு பெட்டிகள்

அந்தப் பக்கத்தில் கல் கிடையாது. மணல்தான். காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும் சிவந்த மணல், முள்மரம், வெளுத்த புல். நாய் மேல் எறிய ஒரு கல் வேண்டுமென்றாலும் கிடைக்காது. லெத்லாகா ஊர்க்காரர்கள் நாயை வாயால்தான் விரட்டுவார்கள். அடுப்புக்கு மூன்று கல் வைக்க வழியில்லாமல் கறையான் புற்றை வெட்டி வந்து கட்டி கட்டியாக வைத்துச் சமைப்பார்கள். ஆறு மாதத்தில் அது இடிந்துவிடும். மறுபடி புற்றைத் தேடிப் போவார்கள்.

கல் எல்லாம் மொகாலா என்ற இடத்தில், ஒரு தகரக் கொட்டகைக்குள் இருந்தது. பகானி அதற்குக் காவல்.

மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அரசாங்கமும் கம்பெனிகளும் எங்கெங்கோ துளை போட்டார்கள். துளையிலிருந்து மணிக்கட்டுப் பருமனில் உருளை உருளையாக வெளியே வரும் கல்லுக்கு கோர் என்று பேர். அதைத் தகரப் பெட்டிகளில் அடுக்கிக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். துளைக்கு ஒரு எண், பெட்டிக்கு ஒரு எண். எட்டாயிரத்துச் சொச்சம் பெட்டிகள். ஒரு பெட்டியில் ஐந்து மீட்டர் ஆழத்தின் கல். புத்தகத்தில் வரி போவதுபோல் இடமிருந்து வலம், ஒரு வரி முடிந்ததும் அதற்குக் கீழே அடுத்தது. ஒரு துளையின் பெட்டிகளைத் தரையில் வரிசையாகப் பரப்பினால் பூமிக்குள் இறங்குவதுபோல் நடந்து போகலாம். பகானி இருபத்துமூன்று வருஷமாக நடந்துகொண்டிருந்தாள்.

செவ்வாயும் சனியும் லெத்லாகாவிலிருந்து கழுதை வண்டிகள் வரும். பதினோரு கிலோமீட்டர். அந்த ஊர்க் கிணறு உப்பு. மாடு குடிக்கும், மனிதர்கள் வாயில் வைக்க முடியாது. கொட்டகைக்கு மட்டும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். கல்லை நனைத்தால்தான் நிறம் தெரியும், கல் அறுக்கும் ரம்பத்துக்கும் தண்ணீர் வேண்டும் என்பதற்காக. கல்லுக்குப் போக மிச்சத்தைப் பகானி வண்டிகளுக்குத் திறந்துவிட்டாள். இது எந்தக் காகிதத்திலும் கிடையாது.

வண்டிகளில் முதலாவது எப்போதும் மா-ஒதெங்குடையது. அந்தப் பக்கத்தில் பெண்ணை அவளுடைய முதல் பிள்ளையின் பேரால் கூப்பிடுவது வழக்கம். ஒதெங்கைப் பெற்றவள் மா-ஒதெங். பகானிக்குப் பிள்ளை இல்லை. யாருடைய அம்மா என்று சொல்லாமல் ஒரு பெண்ணைக் கூப்பிடுவது மரியாதை இல்லையே என்று அவர்களே ஒரு பேர் வைத்தார்கள். மா-மாஜுவே. மாஜுவே என்றால் கற்கள்.

“ஏ மா-மாஜுவே! இருக்கியா, போயிட்டியா?” வண்டி நிற்பதற்கு முன்பே மா-ஒதெங்கின் குரல் வரும்.

“இருக்கேன். நீ வர்றது உன் ஊர்லேர்ந்து கிளம்பும்போதே கேக்குது. கழுதைங்களே அடக்கமா வருது.”

“மூணே மூணு கல்லு குடு. அடுப்பு திரும்பவும் இடிஞ்சு கூழுப்பானை கவுந்துடுச்சு. எட்டாயிரம் பெட்டி வச்சிருக்கே. மூணு குறைஞ்சா பூமி குழி விழுந்துடுமா?”

“எண்ணிக்கை இருக்கு.”

“எண்ணிக்கையாம்! மாட்ட எண்ணுவாங்க, ஆட்ட எண்ணுவாங்க. கல்ல எண்ணுறவ நீ ஒருத்திதான். சொல்லு, இந்த வருஷம் எத்தன குட்டி போட்டுச்சு?”

பீப்பாய் நிரம்பும்வரை மற்றப் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். பகானியும் சிரித்தாள். வண்டிகள் முள்மரங்களுக்குள் போன பிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் அவள் முகத்தில் இருக்கும். யாரும் இல்லாத இடத்தில் சிரித்த முகத்தோடு நிற்கிறோம் என்று தெரிந்ததும் போய்விடும். அடுத்த வண்டி வரும்வரை அவள் யாரோடும் பேசுவதற்கில்லை.

அவள் இந்த மணல் நாட்டுக்காரி அல்ல. வடகிழக்கே, பாறை மேல் பாறை ஏறி நிற்கும் கலாங்கா நாட்டில் பிறந்தவள். ஜிபானியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவன் துளை போடும் எந்திரத்தில் வேலை செய்தான். எந்திரம் அடுத்த இடத்துக்குப் போனபோது அவனும் போனான். முதலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தான். பிறகு நான்கு மாதம். பிறகு ஆள் மூலம் ஒரு போர்வை அனுப்பினான். கொட்டகையைப் பெருக்க ஆள் வேண்டும் என்றார்கள்; பகானி பெருக்கினாள். பெட்டி தூக்கினாள், எண் எழுதினாள், கடைசியில் சாவி அவள் கைக்கு வந்தது.

வருஷத்துக்கு மூன்று நான்கு முறை பாறை ஆராய்கிறவர்கள் வருவார்கள். பெட்டிகளைப் பரப்பச் சொல்லி, குனிந்து நடந்து, தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பகானி வாளியும் பிரஷுமாகக் கூடவே போய்க் கல்லை நனைப்பாள். அவளிடம் யாரும் எதையும் சொன்னதில்லை. அவள் தலைக்கு மேலே பேசினார்கள். தலைக்கு மேலே பேசினாலும் காது தலையில்தானே இருக்கிறது.

கல் என்றால் எப்போதும் கல்லாகவே இருந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. எந்தக் கல்லும் முதலில் கல்லாக இருந்ததில்லை. சிவப்பாக, உப்புத்தாள் போல் உரசும் மணற்கல் ஒரு காலத்தில் காற்றில் அலைந்த மணல்மேடு. அதற்கு மேலே இருக்கும் கறுப்புக் கல், நிலம் பிளந்து வழிந்து வந்து மணல் மேல் ஓடி உறைந்த நெருப்பு. மணலுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஏடு ஏடாகப் பிரிவது குளத்துச் சேறு. எல்லாவற்றுக்கும் அடியில், இரண்டே இரண்டு துளைகள் மட்டும் போய்த் தொட்ட ஆழத்தில், கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடிய பாறை. அதுவும் சேறாக இருந்ததுதானாம். மேலே பாரம் ஏறி ஏறி அழுந்தி, வெந்து, நெளிந்து, இப்போது நீ சேறாக இருந்தாய் என்று சொன்னால் அதற்கே நம்பிக்கை வராது.

அவள் ஊர்ப் பாறையைப் பற்றியும் ஒருமுறை பேசினார்கள். அது வெளியே வராமல் ஆழத்திலேயே நின்று மெல்ல மெல்ல ஆறிய குழம்பு. மேலே இருந்த மலை கரைந்துபோன பிறகு வெளியே தெரிந்தது. அதுவும் உதிரும், உதிர்ந்து மணலாகும், மணலைத் தண்ணீரும் காற்றும் எங்காவது கொண்டுபோகும். அப்படியானால் தான் மிதிக்கிற இந்த மணலில் கொஞ்சம் தன் ஊரிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்று பகானிக்குத் தோன்றியது. கேட்கலாம் என்று நினைத்தாள். அதற்குள் அவர்கள் வண்டியில் ஏறிவிட்டார்கள்.

பதினான்கு வருஷத்துக்கு முன்பு வரை பெட்டிகள் மரத்தில் இருந்தன. ஒரு கோடையில் கறையான் புகுந்தது. பெட்டியைத் தின்றது, ஆழத்தைப் பென்சிலால் எழுதிக் கற்களுக்கு நடுவில் செருகியிருந்த மரத்துண்டுகளையும் தின்றது. தகரப் பெட்டிகள் வந்தன. பகானி ஒருத்தியாக ஒவ்வொரு துளையையும் மேசை மேல் வைத்து, பழைய பெட்டியிலிருந்து புதியதற்குக் கல்லை மாற்றினாள். பதினேழாம் துளையில் இருந்தபோது தகரப் பெட்டி கொண்டுவந்த லாரிக்காரர் டீ குடித்துக்கொண்டே சொன்னார்:

“வடக்கே உங்க வீட்டுக்காரரப் பாத்தேன்மா. இப்ப அவர ரா-கிட்சோன்னு கூப்புடுறாங்க. ஆம்பளப் புள்ளையாமே. சந்தோஷம்.”

“ஆமா” என்றாள் பகானி.

அங்கே ஆணுக்கும் அப்படித்தான். கிட்சோவின் அப்பா ரா-கிட்சோ. அந்தக் கிட்சோ யார் வயிற்றில் பிறந்தவன் என்று லாரிக்காரர் யோசிக்கவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். பகானி மேசைக்குத் திரும்பினாள். எந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தோம் என்று பார்க்காமல் எதிர்ப்பக்கம் போய் நின்றாள். அங்கிருந்து, மேசையில் வரிசையாக இருந்த ஆறு பெட்டிகளையும் இடமிருந்து வலமாக மாற்றினாள். வெயில் திரும்பி முகத்தில் அடித்ததும் பழைய பக்கத்துக்கே வந்துவிட்டாள். மேலே இருக்க வேண்டியது கீழே, கீழே இருக்க வேண்டியது மேலே. ஆறு பெட்டிகளும் ஒரே தொடராகத் தலைகீழ்; கடைசிப் பெட்டியின் கடைசிக் கல் முதல் பெட்டியின் முதலில். இருபத்துமூன்றிலிருந்து இருபத்தெட்டு வரை.

அது அவளுக்குத் தெரிய ஐந்து வருஷம் ஆனது. தூசி துடைக்கும்போது மணற்கல்லை நனைத்தாள். காற்று மணல்மேட்டைச் சாய்வாக அடுக்கும். அடுத்த காற்று அதன் தலையைச் சீவிவிட்டு மேலே புதிதாக அடுக்கும். அதனால் மணற்கல்லின் சாய்ந்த கோடுகள் கீழே தேய்ந்து வளைந்து முடியும். மேலே கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். எத்தனையோ துளைகளில் பார்த்திருக்கிறாள். இங்கே வெட்டு கீழே இருந்தது. அன்றைக்கு முழுக்கப் பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எந்த நாள், எந்தப் பக்கம் நின்றோம் என்று மதியத்துக்குள் ஞாபகம் வந்துவிட்டது.

திருப்பி வைக்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் பெட்டி மாற்றிய கையோடு அதிகாரிகள் வந்து கீழ்ப்பக்கம் எது என்று காட்டக் கல்லில் வெள்ளை அம்பு வரைந்து, படம் எடுத்து, பதிவேட்டில் ஏற்றிவிட்டிருந்தார்கள். பதிவான கல்லை இடம் மாற்றி வைத்தவனுக்கு அங்கே வேலை இல்லை. அவளுக்கு முன்னால் இருந்தவன் ஒரே ஒரு பெட்டிக்காக வெளியே போனான். பதினேழாம் துளையை யாரும் கேட்டு வந்ததில்லை. நிலக்கரி தேடிப் போட்ட துளை. கரி கிடைக்கவில்லை, கம்பெனி மூடிப்போய் அதன் தாள்களும் போன இடம் தெரியவில்லை. பகானி சும்மா இருந்தாள். ஒன்பது வருஷம் சும்மா இருந்தாள்.

அந்த வருஷம் குளிர்காலத்தில், ஒரு வியாழக்கிழமை, செபேகோ என்ற அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். குனிந்து நிமிர்ந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தானே திட்டிக்கொள்வார். வணக்கம் சொல்லி, ஆடுமாடு சுகமா என்று கேட்டு, பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

“பதினேழாம் துளையைப் பரப்புங்கம்மா.”

“பதினேழா?”

“லெத்லாகாவுக்குக் கிணறு போடறோம். பக்கத்துல இருக்கிற ஒரே பழைய துளை அதுதான். ஒரே ஒரு கிணத்துக்குத்தான் அனுமதி, நூத்திருபது மீட்டர். தண்ணி இருக்கிற கல்லு அதுக்குள்ள இருக்கான்னு பாக்கணும்.”

பகானி பெட்டிகளைப் பரப்பினாள். கை அதன்பாட்டுக்கு வேலை செய்தது. முதல் நாள் முழுக்க மணலும் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லும் கறுப்புக் கல்லும். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இருபத்துமூன்றாம் பெட்டிக்கு வந்தார். பகானி நனைத்தாள். கறுப்பு முடிந்து சிவப்பு மணற்கல் தொடங்கியது.

செபேகோ விசில் அடித்தார்.

“நூத்திப் பத்துலயே வந்துட்டான். நல்ல மணல்கல்லு. பாருங்கம்மா, ஊத்துற தண்ணிய எப்படி உறிஞ்சுது! ஒம்போது மீட்டர் இருக்கு. அதுக்குக் கீழ கெட்டியா ஒரு ஓடு, அப்புறம் திரும்ப கருப்பு. ரெண்டு தடவை நெருப்பு ஓடியிருக்கு, நடுவுல மணல் மாட்டிக்கிச்சு. நூத்திருபது தாராளம். லெத்லாகாவுக்கு அதிர்ஷ்டம்.”

பகானி வாளியைப் பார்த்தாள். நிஜத்தில் நூற்றுப்பத்தில் கறுப்புக் கல்தான் இருந்தது. நூற்று முப்பது வரை கறுப்புதான். நெருப்புச் சுட்டுக் கெட்டியாக்கிய அந்த மணல் ஓடு வந்து, அதற்கும் கீழேதான் மணற்கல். நூற்றிருபதில் நிறுத்தினால் உலர்ந்த துளைதான் மிஞ்சும். ஒரே ஒரு கிணறு.

வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்குப் பழகிய பயம். ஒன்பது வருஷமாகக் கூட இருந்தது. அன்றைக்கு அதற்குப் பின்னால் வேறொன்று தலை காட்டியது. துளை உலர்ந்துபோனால் வண்டிகள் வந்துகொண்டிருக்கும். செவ்வாயும் சனியும். இதை நினைத்ததும் அவளுக்கே முகம் சுட்டது. பிரஷை வாளியில் போட்டுவிட்டுத் தண்ணீர் மாற்றப் போவதுபோல் வெளியே போனாள்.

மறுநாள் சனிக்கிழமை. வழக்கத்துக்கு முன்பே மா-ஒதெங் வந்துவிட்டாள். ஊருக்குள் சேதி போயிருந்தது.

“கேட்டியா மா-மாஜுவே, நம்ம ஊருக்குக் கிணறு! இனிமே உன் மூஞ்சில முழிக்க வேண்டியதில்ல.”

“என் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?”

“கொறச்சல் ஒண்ணுமில்ல, தூசிதான் ஜாஸ்தி. என் கழுதைங்க ஆடப் போகுதுங்க பாரு. ஒவ்வொண்ணும் உன்னால எலும்பாப் போச்சு.”

“அப்ப வரவே மாட்டியா?” பகானி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“எதுக்கு வர்றது? கல்ல பாக்கவா? பதினோரு கிலோமீட்டர் வண்டி கட்டிக்கிட்டுக் கல்ல பாக்க வந்தா என் புருஷன் என்ன மந்திரவாதிகிட்ட கூட்டிட்டுப் போயிருவான்.”

எல்லாரும் சிரித்தார்கள். மா-ஒதெங் கெட்ட மனசோடு சொல்லவில்லை. அவள் எதையுமே கெட்ட மனசோடு சொன்னதில்லை. பகானி குழாயைக் கொஞ்சம் இறுக்கினாள். தண்ணீர் மெலிந்து விழுந்தது. பீப்பாய் நிரம்ப நேரம் ஆயிற்று. யாரும் கவனிக்கவில்லை.

சரி, உங்கள் ஊர்த் துளை உலர்ந்தே போகட்டும் என்று ஒரு குரல் அவளுக்குள் சொன்னது. குரல் நிதானமாகவே சொன்னது. அன்று சாயங்காலம் வரை அவள் அதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தாள். செபேகோ கேட்ட பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். அவர் டின் மீனைத் திறந்து அவளுக்கும் ஒரு தட்டு நீட்டினார். சோளக்களியோடு சாப்பிட்டாள்.

ஞாயிறு காலை செபேகோ தாள்களைக் கட்டினார். கொட்டகையில் ஒரு முறை உண்டு. எந்தத் துளையைப் பார்த்தாலும் முடிவில் காவல் இருப்பவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டிகள் துளையிலிருந்து வந்த வரிசைப்படியே உள்ளன, காட்டப்பட்டன. இரண்டே வரி. பகானி நூறு தடவைக்கு மேல் போட்டிருக்கிறாள். படித்துப் பார்த்துக்கூடப் போட்டதில்லை. செபேகோ படிவத்தை மேசையில் வைத்துப் பேனாவைக் கொடுத்தார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி ஜீப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பேனா தாளைத் தொட்டது. ஒரு புள்ளி விழுந்தது. அதற்கு மேல் கை போகவில்லை.

“என்னம்மா, மை இல்லையா?”

“மை இருக்கு ஐயா. வரிசைதான் இல்ல.”

“என்னது?”

“இருபத்திமூணுலேர்ந்து இருபத்தெட்டு வரைக்கும் தலைகீழா இருக்கு. நாந்தான் வச்சேன்.”

செபேகோ சிரித்தார். களைப்பில் உளறுகிறாள் என்று நினைத்தார். “உக்காருங்கம்மா. மூணு நாளா உங்களையும் வெயில்ல வாட்டிட்டேன்.”

பகானி உட்காரவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு பெட்டிகளிடம் போனாள். அவரும் பின்னால் வந்தார். அவள் கெட்டி ஓட்டுக்கு அடுத்திருந்த கறுப்புக் கல்லை நனைத்தாள். அதற்குள் குச்சி குச்சியாக நீண்ட துவாரங்கள் இருந்தன, வெள்ளையாக அடைத்துக்கொண்டு.

“நெருப்பு ஓடிவந்து ஈர மணல் மேல ஏறினா ஆவி கிளம்பும். அது கொழம்புக்குள்ள குழா குழாயா ஏறிப் போகும். நீங்கல்லாம் பேசிக்குவீங்களே. இங்க பாருங்க. ஓட்டுலேர்ந்து கிளம்பி அம்பு காட்டுற பக்கமா, கீழ போகுது. ஆவி கீழ போகுமா ஐயா?”

செபேகோ மெல்ல மண்டியிட்டார். இடுப்பைத் திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கல்லின் அருகே முகத்தைக் கொண்டுபோனார். பிறகு மணற்கல்லுக்கு நகர்ந்தார். சாய்ந்த கோடுகளை விரலால் தடவினார்.

“இன்னும் ஒண்ணு” என்றாள் பகானி.

இருபத்திரண்டாம் பெட்டியின் கடைசிக் கல்லை எடுத்தாள். அதன் உடைந்த முனை கோணலாக இருந்தது. அதை இருபத்துமூன்றாம் பெட்டியின் முதல் கல்லோடு வைத்துக் காட்டினாள். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு, முனைகள் முறைத்துக்கொண்டு நின்றன. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நடந்து இருபத்தெட்டாம் பெட்டிக்குப் போனாள். அங்கே கடைசியாகக் கிடந்த கல்லைத் திருப்பி எடுத்து இரண்டையும் சேர்த்தாள். உடைந்த தட்டின் இரண்டு பாதிபோல் ஒட்டிக்கொண்டன. ஒரு சின்ன சத்தம் கேட்டது. மயிரிழை இடைவெளி இல்லை.

செபேகோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“ஒம்போது வருஷமா.”

“முந்தாநாள் நான் விசில் அடிச்சப்பத் தெரியும்?”

“தெரியும்.”

“நேத்து மீன் திங்கும்போது?”

“தெரியும் ஐயா.”

“ஏம்மா இப்படிப் பண்ணீங்க? ஒரு ஊரே உப்புத்தண்ணிய வச்சுக்கிட்டுக் கெடக்குது.”

“வேலை போயிடும்னுதான்.”

அது பாதி. மற்ற பாதியைச் சொல்ல வாய் வரவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் ஒருத்தி வந்து தன்னைக் கேலி செய்ய வேண்டும் என்பதற்காக ஒரு ஊரின் தண்ணீரைப் பிடித்துவைக்கப் பார்த்தேன் என்று எந்த மொழியில் சொல்வது.

செபேகோ தாள்களை மறுபடி அவிழ்த்தார். நூற்றைம்பது மீட்டருக்கு அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்று எழுத வேண்டும். பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு யோசித்தார்.

“கூரை ஒழுகி நம்பரெல்லாம் அழிஞ்சுபோச்சு, அதுல மாறிடுச்சுன்னு போட்டுடறேன்.”

“இந்தக் கூரை ஒழுகினதில்ல ஐயா. ஒழுகுறதுக்கு மழை பெய்யணுமே.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “சரி, கறையான்.”

“கறையான் மரத்தத்தான் தின்னுச்சு. கல்லத் திருப்பினது நான். என் பேரையே போடுங்க.”

“போட்டா என்ன ஆகும் தெரியுமில்ல?”

“தெரியும். போடுங்க.”

ஏன் அவ்வளவு வற்புறுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் எழுதினார். எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். பெட்டிகள் மாற்றப்பட்டபோது ஆறு பெட்டிகள் தலைகீழாக வைக்கப்பட்டுவிட்டன. இதைக் கொட்டகைக் காவலரே கண்டுபிடித்துத் தெரிவித்தார்.

“யார் வச்சாங்கன்னு இல்லையே. பேரும் இல்லையே.”

“காவலர்னு இருக்கில்ல, போதும்” என்று செபேகோ தாளை மடித்தார். நல்ல மனிதர். தான் செய்த உபகாரத்தில் அவருக்குத் திருப்தி. ஆறு பெட்டிகளையும் சரியாக அடுக்கிவைக்கச் சொல்லிவிட்டு, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து விடைபெற்றுக்கொண்டு போனார்.

பகானி அன்று பிற்பகல் முழுவதும் அடுக்கினாள். மேசையின் சரியான பக்கத்தில் நின்றுகொண்டு.

ஐந்து வாரம் கழித்துத் துளை போடும் எந்திரம் மொகாலா வழியாகப் போனது. இரண்டாம் நாள் மாலை அதன் ஆள் ஒருவன் தண்ணீர் கேட்டு வந்தான். கன்னம் வரைக்கும் கறுப்புத் தூசி.

“நூத்தைம்பது வரைக்கும் போகலாம்னு அனுமதி, நூத்தி இருவத்தஞ்சு தாண்டியும் இன்னும் கருப்பாவே வருது. இந்தத் தாள எந்த மடையன் எழுதினானோ. நாளைக்கு மூட்டை கட்டப் போறோம்.”

“கட்டாதீங்க. இன்னும் அஞ்சு மீட்டர் இறங்குங்க. கெட்டியா ஒரு ஓடு வரும், எந்திரம் கத்தும். அதுக்கப்புறம் சிவப்பா வரும்.”

“நீங்க யாரும்மா?”

“கொட்டகையப் பாத்துக்கறவ.”

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை வண்டி வரவில்லை. சனிக்கிழமை ஒரே ஒரு வண்டி வந்தது. அதில் பீப்பாய் இல்லை. மா-ஒதெங் ஒரு மூடிபோட்ட ஏனத்தோடு இறங்கினாள்.

“தண்ணி வந்துடுச்சுடீ! நூத்தி முப்பத்தி நாலுலயோ என்னவோ சொன்னாங்க, பீச்சி அடிச்சுது. உப்பு ஒரு துளி இல்ல. பசு வெட்டினாங்க. இந்தா, உனக்குன்னு எடுத்து வச்சேன்.” இடித்த மாட்டிறைச்சி, இன்னும் சூடு ஆறவில்லை. “அந்த ஆபீசர் கெட்டிக்காரர். கல்லப் பாத்தே சொல்லிட்டாராம்.”

“ஆமா” என்றாள் பகானி.

இருவரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்தார்கள். டீ போட்டாள். மா-ஒதெங் நான்கு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடித்தாள். ஒதெங்குக்குக் கல்யாணம் பேசுவதைச் சொன்னாள், ஒரு கழுதைக்குக் கால் வீங்கியதைச் சொன்னாள். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. இத்தனை வருஷமும் பீப்பாய் நிரம்பும் சத்தத்துக்கு மேலேதான் பேசியிருக்கிறார்கள். கத்த வேண்டியிருந்தது, கத்தியதால் கேலி வந்தது. சத்தம் இல்லாத இடத்தில் இரண்டு பெண்கள், ஒருத்தி கால் நகத்தைப் பார்த்துக்கொண்டு, மற்றவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டு.

“சரி, போறேன்” என்றாள் மா-ஒதெங். “நீயும் ஒரு நாளு ஊருப் பக்கம் வாயேன்.”

“வர்றேன்.”

“கல்ல பூட்டிட்டு வா. ஓடிடப் போவுது.”

சிரித்தாள். பகானியும் சிரித்தாள். வண்டி பாரமில்லாமல் வேகமாகப் போனது.

அந்த மாதக் கடைசியில் தண்ணீர் லாரி வந்தது. டிரைவர் தொட்டியின் மேல் ஏறி எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா இது, முக்காவாசி அப்படியே இருக்கு? அவ்வளவா எறங்கவேயில்ல. உடம்பு சரியில்லையா, குளிக்கறதில்லையா?”

“வண்டிங்க வரல.”

“ஓ. லெத்லாகாவுக்குத்தான் கெணறு வந்துடுச்சே.” அவர் தலையைச் சொறிந்தார். “அப்ப எவ்வளவு விடட்டும்?”

பகானி கணக்குப் போட்டாள். கல்லை நனைக்க, ரம்பத்துக்கு, ஒரு ஆள் குடிக்க, சமைக்க, துணி துவைக்க.

“பாதிகூட வேணாம். கால்வாசி போதும். இனிமே மாசத்துக்கு ஒரு தடவ வந்தாப் போதும்.”

“ஒரு தடவயா? நான் வர்றதும் கொறஞ்சுபோயிடுமே. உங்களுக்குப் பரவாயில்லையா?”

“கல்லுக்கு அவ்வளவுதான் தண்ணி வேணும்” என்றாள்.

டிரைவர் குழாயைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் மூடினார். குழாயைச் சுருட்டி லாரியில் மாட்டிவிட்டு, அவள் இன்னும் ஏதாவது சொல்வாளோ என்று ஒரு நிமிஷம் நின்றார். அவள் கொட்டகைக்குள் போயிருந்தாள்.